எலும்பு கூடிவிட்டது, அம்மா ஏன் இன்னும் நடக்கவில்லை?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் விழுந்து அடிபட்ட பெரியவர்களைப் பற்றித்தான். இடுப்பு, மணிக்கட்டு, விலா, முதுகெலும்பு என்று அடிபட்ட இடம்தான் வேறு வேறு. எல்லோரும் எழுதியிருக்கும் கவலை ஒன்றே: காயம் ஆறிய அளவுக்கு ஆள் தேறவில்லை. அதனால் சத்துணவு, சர்க்கரை பற்றி வந்த மற்ற கேள்விகளை அடுத்த மாதத்துக்கு வைத்துக்கொண்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எழுதியவர்களின் பெயரை வழக்கம்போல் விட்டுவிட்டேன். வார்டில் நர்சாக இருந்த காலத்தில் பார்த்ததையும் படித்ததையும் வைத்துப் பேசுகிறேன், மாத்திரையின் அளவை மட்டும் உங்கள் டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

அக்கா, என் அம்மாவுக்கு 74 வயது. ஈசூன் வீட்டில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் முடிந்து, சமூக மருத்துவமனையில் சில வாரம் இருந்து, வீட்டுக்கு வந்தும் இரண்டு மாதம் ஆகிவிட்டது. எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் அம்மா கட்டிலை விட்டு இறங்க மாட்டேன் என்கிறார். எழுப்பப் போனாலே "வலிக்குது, விடு" என்று அழுகிறார். ராத்திரியில் தூங்குவதில்லை. அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "எலும்புதான் சேர்ந்துடுச்சே, சும்மா பாசாங்கு பண்றாங்க" என்கிறார். எனக்கும் சில சமயம் கோபம் வருகிறது. இது உண்மையான வலியா, மனசில் இருக்கும் வலியா?

தங்கச்சி, அண்ணனுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அம்மா பாசாங்கு பண்ணவில்லை. உண்மையான வலி, மனசு வலி என்று நாம்தான் பிரிக்கிறோம், உடம்பு அப்படிப் பிரிப்பதில்லை. வலி ஆய்வுக்கான அனைத்துலகச் சங்கம் 2020-ல் வலிக்குத் திருத்திய விளக்கம் கொடுத்தபோது, உடலுணர்வும் மனவுணர்வும் சேர்ந்த ஓர் அனுபவம் என்றுதான் அதைச் சொன்னது. ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்றும் கூடவே எழுதியது. எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும். வெட்டித் தைத்த தசை, சரியாக மடங்காமல் கிடந்த மூட்டு, இழுபட்ட நரம்பு இதெல்லாம் அதில் தெரியாது. பயம் சுத்தமாகத் தெரியாது.

பயம் எப்படி வலியைக் கூட்டும் என்று கேட்பீர்கள். 1965-ல் ரொனால்டு மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு விளக்கம் சொன்னார்கள். காயத்திலிருந்து கிளம்பும் செய்தி அப்படியே மூளைக்குப் போய்விடுவதில்லை, முதுகுத்தண்டிலேயே அதைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு வழி இருக்கிறது, மூளையிலிருந்து கீழே வரும் கட்டளைக்கும் அதில் பங்கு உண்டு என்றார்கள். பின்னால் வந்த ஆராய்ச்சிகள் அவர்கள் சொன்ன விவரங்களில் பலவற்றைத் திருத்தியிருக்கின்றன, ஆனால் அடிப்படை அப்படியே நிற்கிறது. தூக்கமில்லாமல், வீட்டில் பகல் முழுக்கத் தனியாக, மறுபடி விழுந்துவிடுவோமோ என்று நினைத்துக்கொண்டே காலை ஊன்றினால், கால் அதே கால்தான், எலும்பும் அதே எலும்புதான், வலி மட்டும் அதிகமாக இருக்கும்.

இது தலைக்குள் நடப்பதோடு நிற்பதில்லை. வலியும் பதற்றமும் நாள் கணக்கில் நீடித்தால் கார்டிசோல் என்ற சுரப்பு இறங்க வேண்டிய நேரத்தில் இறங்காது. அது ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும், தூக்கத்தைக் கெடுக்கும், புண் ஆறுவதை இழுத்தடிக்கும், தசையையும் கரைக்கும். சிங்கப்பூரில் சீனர்களைவிட இந்தியர்களான நம்மிடையே நீரிழிவு அதிகம், அதனால் நம் வீட்டுப் பெரியவர்களை இது இன்னும் பலமாகத் தாக்கும். அடிபட்ட பிறகு சர்க்கரை ஏறிக்கொண்டே போகிறது என்றால் சாப்பாட்டை மட்டும் சந்தேகப்படாதீர்கள், வலி அடங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம், படுக்கை. 2007-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் ஆரோக்கியமான முதியவர்களை 10 நாள் படுக்கையிலேயே இருக்கச் சொன்னார்கள். அடி எதுவும் இல்லை, நோயும் இல்லை, வெறுமனே படுத்திருந்தார்கள், அவ்வளவுதான். அதிலேயே கால்களில் கிட்டத்தட்ட 1 கிலோ தசை போய்விட்டது. உங்கள் அம்மா எத்தனை நாளாகப் படுத்திருக்கிறார் என்று யோசித்துப் பாருங்கள், எழுந்து நிற்கும்போது கால் ஏன் நடுங்குகிறது என்று புரியும். கால் நடுங்கினால் பயம் வரும், பயத்தில் உடம்பு விறைக்கும், விறைத்த உடம்போடு காலை வைத்தால் இன்னும் வலிக்கும், வலித்தால் மறுபடியும் போய்ப் படுத்துக்கொள்வார். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்பார்களே, உங்கள் அம்மாவுக்கு அந்தக் குளியலறைதான் இப்போது அடுப்பங்கரை.

சரி, என்ன செய்வது? எதற்கும் முன்னால், எக்ஸ்ரே எடுத்து எவ்வளவு நாள் ஆகிறது என்று பாருங்கள். அதற்குப் பிறகு வலி திடீரென்று கூடியிருந்தால், தொடை இடுக்கில் புதிதாக வலி வந்திருந்தால், காய்ச்சல் இருந்தால், தையல் போட்ட இடத்தில் நீர் கசிந்தால், அப்பாயின்மென்ட் தேதி வரட்டும் என்று காத்திருக்காமல் டாக்டரிடம் திரும்பக் காட்டுங்கள். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றைக்கே காட்ட வேண்டும். திடீரென்று மூச்சு வாங்கினால் ஆம்புலன்ஸ் எண் 995-ஐக் கூப்பிடுங்கள், நாளங்களில் ரத்தம் உறைந்திருக்கலாம்.

அப்படி எதுவும் இல்லையென்றால் மாத்திரை நேரத்தைச் சரிசெய்வதுதான் முதல் வேலை. நிறைய வீடுகளில் வலி தாங்க முடியாமல் போன பிறகுதான் மாத்திரை கொடுக்கிறார்கள், கொடுத்த கையோடு "எழுந்திரு, நட" என்கிறார்கள். அப்போது நடந்தால் வலிக்கும் என்ற ஒன்றைத்தான் அம்மாவின் உடம்பு கற்றுக்கொள்ளும். பயிற்சிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால் மாத்திரை உள்ளே போயிருக்கும்படி நேரம் அமைத்துத் தரச்சொல்லி டாக்டரிடமோ பிசியோவிடமோ கேளுங்கள். நான் வார்டில் பார்த்தவரைக்கும் நிறைய பெரியவர்களுக்கு இந்த ஒரு மாற்றமே பெரிய வித்தியாசத்தைத் தந்திருக்கிறது.

அடுத்தது, எவ்வளவு நடப்பது என்பது. ஹால் வரைக்கும் நடக்கச் சொல்லித் தொடங்காதீர்கள். கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்காருவது, கைப்பிடி உள்ள நாற்காலியிலிருந்து எழுந்து நிற்பது, நின்று பத்து எண்ணிவிட்டு உட்காருவது, இது போதும் முதல் சில நாளுக்கு. நன்றாக இருக்கும் நாளில் அதிகமாக நடந்துவிட்டு அதற்கடுத்த இரண்டு நாளும் படுத்துவிடுவது எல்லோரும் செய்வது, அது வேண்டாம். நல்ல நாளிலும் அதே அளவு, வலி உள்ள நாளிலும் முடிந்தவரை அதே அளவு, அப்புறம் பிசியோவிடம் கேட்டுக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். பயிற்சி முடிந்து சிறிது நேரத்தில் வலி பழைய நிலைக்கு இறங்கிவிட்டால் சரி, ராத்திரி முழுக்க இழுத்தால் அன்றைக்கு அளவு அதிகம் என்று அர்த்தம். எழும்போது மூச்சை அடக்கிக்கொள்கிறாரா என்று பாருங்கள், பயத்தில் எல்லோரும் அடக்குவார்கள். மூச்சை மெதுவாக வெளியே விட்டுக்கொண்டே எழச் சொல்லுங்கள்.

"பயப்படாதீங்கம்மா" என்று சொல்லிப் பயனில்லை. "எதுக்கும்மா பயமா இருக்கு?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். பதில் வலியைப் பற்றியே இருக்காது, பல நேரம். "மறுபடி விழுந்தா என்னை ஹோம்ல போட்டுடுவீங்க" என்பார்கள். "என்னால உங்க மெடிசேவ் எல்லாம் போச்சு" என்று மருத்துவச் சேமிப்புப் பணத்தைச் சொல்வார்கள். இந்தப் பயங்களுக்குப் பனடோல் மாத்திரை கிடையாது, வாய்விட்டுச் சொல்லும் பதில்தான் மருந்து. அம்மாவை எங்கேயும் அனுப்பப் போவதில்லை என்றால் அதை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு தெளிவாகச் சொல்லுங்கள், அவருக்கே தெரியும் என்று விட்டுவிடாதீர்கள். பணம் உண்மையிலேயே நெருக்கடியாக இருந்தால் மருத்துவமனையின் மருத்துவ சமூக ஊழியரைப் பாருங்கள். சமூக மருத்துவமனையில் தங்கியதற்கும் மெடிசேவ், மெடிஷீல்டு லைஃப் என்ற மருத்துவக் காப்புறுதி இரண்டுமே உதவும், முன்னோடித் தலைமுறை, மெர்டேக்கா தலைமுறை என்று பெரியவர்களுக்கான அரசாங்கச் சலுகைகளும் இருக்கின்றன. கணக்கை அம்மாவுக்கு விளக்கிச் சொல்லுங்கள், பெரியவர்கள் மனதில் போட்டு வைத்திருக்கும் தொகை பெரும்பாலும் உண்மையான பில்லைவிடப் பெரிதாக இருக்கும்.

குளியலறையை மாற்றாமல் அம்மாவின் மனதை மட்டும் மாற்றச் சொல்வது நியாயமில்லை. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) ஈஸ் திட்டத்தில் கைப்பிடிகள், வழுக்காத தரைப் பூச்சு, சாய்வுப் பாதை எல்லாம் போட்டுத் தருகிறார்கள். 65 வயது ஆனவர் இருக்கும் வீட்டுக்குக் கிடைக்கும், சிங்கப்பூரர் என்றால் செலவில் பெரும்பகுதி கழிந்துவிடும், 2024-லிருந்து அந்தப் பட்டியலில் இன்னும் பல வசதிகளைச் சேர்த்திருக்கிறார்கள். போட்ட பிறகு தண்ணீர் ஊற்றாமல், உடை மாற்றாமல், அம்மாவை உள்ளே கூட்டிப்போய்க் கைப்பிடியைப் பிடித்து நின்றுவிட்டு வெளியே வர மட்டும் செய்யுங்கள். குளிப்பது பிறகு.

அண்ணனையும் விடாதீர்கள். ஒரு வேலை கொடுங்கள். வாரக் கடைசியில் வரும்போது மின்தூக்கியில் அம்மாவைக் கீழ்த்தளத்துக்கு அழைத்துப்போய் அரை மணி நேரம் உட்காரவைப்பது அவர் பொறுப்பு, முதலில் சக்கர நாற்காலியில் போனாலும் சரி. அம்மாவின் கூட நின்று பார்த்த பிறகு அவர் பாசாங்கு என்று சொல்ல மாட்டார் என்று நினைக்கிறேன்.

சகோதரி, நான் பிடோக்கில் இருக்கிறேன், வயது 69. பாதுகாவலர் வேலை பார்த்தேன். சைக்கிளிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டு பிரித்து மூன்று வாரம் ஆகிறது. வலி மாத்திரை எடுத்தால் கிட்னி போய்விடும், பழக்கமும் ஆகிவிடும் என்று நண்பர்கள் சொன்னதால் தொடுவதில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறேன். ஆனால் இப்போதெல்லாம் மனைவியிடம் எரிந்து விழுகிறேன், பேரப்பிள்ளைகள் சத்தம் போட்டால் தாங்கவில்லை. ராத்திரி இரண்டு கேன் பீர் குடித்தால்தான் கண் மூடுகிறது. நான் இப்படிப்பட்ட ஆள் இல்லை.

ஐயா, இப்படி வெளிப்படையாக எழுதியதற்கே நன்றி, ஆண்கள் இதை எழுதுவது அபூர்வம். நீங்கள் மாறிவிடவில்லை. வலியை நாள் முழுக்க அடக்கிப் பிடிக்கவே உங்கள் பொறுமை செலவாகிவிடுகிறது, சாயங்காலம் பிள்ளைகள் வரும்போது கையிருப்பில் ஒன்றும் இல்லை. வலி உள்ளவர் தூங்க முடியாது, தூங்காதவருக்கு மறுநாள் வலி இன்னும் கூர்மையாகத் தெரியும். பீர் தூக்கத்தைக் கொண்டுவரும், ஆனால் நடுராத்திரியில் கலைத்துவிடும், காலையில் தள்ளாட்டமும் சேர்ந்துகொள்ளும். பிறகு இன்னொரு முறை விழுவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

மாத்திரையைப் பற்றி உங்கள் நண்பர்கள் சொன்னதில் பாதி சரி. வலி மாத்திரை என்று எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுவிட்டார்கள், அதுதான் தவறு. ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் வயதானவர்களின் சிறுநீரகத்தையும் வயிற்றையும் பாதிக்கலாம், ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடும், இவற்றை டாக்டர் சொல்லாமல் வாங்கிப் போடாதீர்கள். பாரசிட்டமால், அதாவது நாம் பனடோல் என்று சொல்வது, சொன்ன அளவுக்குள் எடுத்தால் பெரும்பாலான பெரியவர்களுக்குப் பாதுகாப்பானது. 500 மில்லிகிராம் மாத்திரையாக ஒரு நாளைக்கு 8-ஐத் தாண்டவே கூடாது. ஒல்லியானவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், தினமும் குடிப்பவர்களுக்கு டாக்டர் இதைவிடக் குறைத்துத்தான் சொல்வார், அதனால் பீர் பற்றி அவரிடம் மறைக்காதீர்கள். சளி மாத்திரைகள் பலவற்றிலும் பாரசிட்டமால் இருக்கும், இரண்டையும் சேர்த்துப் போட்டால் அளவு தெரியாமல் ஏறிவிடும். டிராமடோல், கோடீன் போன்றவைதான் பழக்கமாகும் வகை. அவையும் கொஞ்ச நாளுக்கு, டாக்டரின் கண்காணிப்பில் எடுத்தால் பயப்பட வேண்டியதில்லை, ஆனால் மயக்கமும் மலச்சிக்கலும் வரும், பீரோடு சேரவே கூடாது.

பல்லைக் கடித்துக்கொண்டிருப்பதில் எனக்குப் பெரிய கவலை வேறு. வலிக்குப் பயந்து அந்தக் கையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தால் விரல்கள் இறுகிவிடும். உங்கள் கையை வெளிச்சத்தில் வைத்து இன்னொரு கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வீக்கம், பளபளப்பு, சிவந்தோ நீலம் பாய்ந்தோ நிறம் மாறியிருப்பது, தொட்டால் சூடாகவோ சில்லென்றோ இருப்பது, சட்டைத் துணி பட்டாலே எரிவது, இதில் ஏதாவது இருந்தால் அடுத்த அப்பாயின்மென்ட் வரை காத்திருக்காதீர்கள். மணிக்கட்டு முறிந்தவர்களில் சிலருக்குக் காயத்துக்குப் பொருந்தாத அளவு வலி தனியாகக் கிளம்பும், சீக்கிரம் பிடித்துச் சிகிச்சை தொடங்கினால் கை திரும்பக் கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது, தள்ளிப்போட்டால் கஷ்டம். டாக்டரிடம் வெறுமனே "பெயின்" என்று சொல்லி நிறுத்தாதீர்கள். எரிகிறதா, குடைகிறதா, மின்சாரம் பாய்ந்த மாதிரி சுரீர் என்கிறதா, எந்த நேரத்தில் அதிகம் என்று சொல்லுங்கள். எரிச்சலும் சுரீரும் நரம்பு வலியாக இருக்கலாம், அதற்கு மருந்தே வேறு.

மனைவியிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்: "கோபம் உன் மேல இல்ல, கை வலிக்குது, தூங்க முடியல." வேலைக்கு எப்போது திரும்பலாம் என்ற கவலையும் உள்ளே இருக்கும் என்று நினைக்கிறேன், நீங்கள் எழுதவில்லை. அதையும் டாக்டரிடம் கேளுங்கள், தெரியாமல் இருப்பதுதான் தூக்கத்தை அதிகம் கெடுக்கும்.

மேடம், ஜூரோங்கில் எங்களோடு இருக்கும் மாமனாருக்கு 82 வயது, மறதி நோய் இருக்கிறது. போன வாரம் விழுந்து விலா எலும்பில் கீறல். அதற்குப் பிறகு பணிப்பெண்ணைக் கிட்டே வரவிடாமல் கத்துகிறார், அடிக்கக் கை ஓங்குகிறார். அந்தப் பெண் மியன்மாரைச் சேர்ந்தவர், தமிழ் தெரியாது. வலிக்கிறதா என்று கேட்டால் மாமா "இல்லை" என்றுதான் சொல்கிறார். மறதி முற்றிவிட்டதா?

ஒரு வாரத்துக்குள் மறதி நோய் இப்படி முற்றுவதில்லை. திடீரென்று வந்த மாற்றம் என்பதால் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். அடங்காத வலி, சிறுநீர்த் தொற்று, சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், புதிதாகக் கொடுத்த மாத்திரை, இதில் எதுவும் முதியவர்களைத் தடுமாற வைக்கும். விழும்போது தலையில் அடிபட்டதா என்றும் டாக்டர் பார்க்க வேண்டும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர் என்றால் அதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். சிலர் கத்தாமல், அதற்கு நேர்மாறாக, பகல் முழுக்க அசையாமல் தூங்கி வழிவார்கள். வீட்டில் எல்லோரும் "இப்போ அமைதியா இருக்கார்" என்று நிம்மதியடைவார்கள். அதுவும் அதே ஆபத்துதான்.

அவர் "இல்லை" என்பதை நம்பாதீர்கள். கேள்வி புரியாமலும் இருக்கலாம், கேட்ட நொடியில் வலி இல்லாமலும் இருக்கலாம். முகத்தைப் பாருங்கள்: புருவம் சுருங்குகிறதா, தாடை இறுகுகிறதா, திருப்பிப் படுக்கவைக்கும்போது முனகுகிறாரா, மூச்சு வேகமாகிறதா, ஒரு பக்கத்தைக் கையால் காக்கிறாரா, ஆறுதலாகப் பேசினாலும் அடங்கவில்லையா. பேச முடியாதவர்களுக்கு நர்சுகள் இப்படித்தான் மதிப்பெண் போட்டு வலியைக் கணக்கிடுகிறார்கள். பணிப்பெண் குளிப்பாட்டவோ உடை மாற்றவோ விலாப் பக்கம் கை வைக்கும்போதுதான் அடிக்கப் போகிறார் என்றால், அது கோபம் இல்லை, வலிக்கும் இடத்தைக் காப்பாற்றப் பார்க்கிறார். குளிப்பாட்டுவதற்கு முன் வலி மாத்திரை கொடுக்கலாமா, நேரம் குறித்துத் தொடர்ந்து கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். விலா வலிக்குப் பயந்து ஆழமாக மூச்சு விடாமல், இருமாமல் இருந்தால் சளி தேங்கி நிமோனியா வரலாம், அதனாலேயே அவருக்கு வலி நிவாரணம் அவசியம்.

அந்தப் பெண்ணுக்கு "வலிக்குதா", "எங்க", "மெதுவா", "தண்ணி", "இதோ வரேன்" என்று சில சொற்களை அவருடைய எழுத்தில் ஒலிபெயர்த்து எழுதிக்கொடுங்கள், செல்பேசியில் உங்கள் குரலில் பதிவு செய்தும் கொடுக்கலாம். தெரியாத மொழியில் யாரோ வந்து உடம்பைத் திருப்பினால் நமக்கே பதறும். அவரும் ஊரை விட்டு வந்த சின்னப் பெண்ணாக இருப்பார், அடி வாங்கிக்கொண்டு வேலை செய்யட்டும் என்று விடாதீர்கள். உங்கள் வீட்டுக்காரர் முதல் சில நாள் கூட நின்று, அப்பாவின் கண்ணுக்கு நேராக வந்து, தமிழில் சொல்லிவிட்டு, அதன்பிறகு அந்தப் பெண் தொடட்டும்.

அக்கா, அப்பாவுக்குத் தோள் எலும்பு முறிந்து ஆறிவருகிறது. தேக்கா பக்கம் எண்ணெய் போட்டு நீவிவிடுகிறார்கள், கூட்டிப் போகலாமா?

முழுதாகக் கூடும்வரை கூட்டிப் போகாதீர்கள். முறிந்த இடத்தை அழுத்தி நீவினால் எலும்பு விலகலாம், எலும்புத் தேய்மானம், அதாவது எலும்பு மெலிந்து பலவீனமாகும் கோளாறு, உள்ளவர் என்றால் புதிதாகவே முறியலாம். கூடிவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகு, வீட்டிலேயே கை, கால், முதுகில் இளஞ்சூடான எண்ணெயை மெதுவாகத் தடவிவிடுங்கள். அது எலும்புக்கு ஒன்றும் செய்யாது, ஆனால் மகளோ மகனோ பக்கத்தில் உட்கார்ந்து தடவும்போது இறுக்கம் தளரும், தூக்கம் வரும். அது சின்ன விஷயம் இல்லை.

அம்மா, எனக்கு 66 வயது, தோ பாயோவில் நானும் கணவரும் மட்டும் இருக்கிறோம். அவருக்கு 73. விழுந்ததில் முதுகெலும்பு நொறுங்கி, ஐந்து மாதமாக வலியோடு இருக்கிறார். டிவி பார்ப்பதில்லை, கோயிலுக்கு வருவதில்லை, சாப்பாடு பாதிதான். "நான் போய்ச் சேர்ந்தா உனக்கு நிம்மதி" என்று அடிக்கடி சொல்கிறார். வயசானவர்கள் பேசுகிற பேச்சுதானே என்று விட்டுவிடுகிறேன். எனக்கும் முழங்கால் வலி, காலில் ஒரு சின்னப் புண் ஆறவே மாட்டேன் என்கிறது. யாரிடம் சொல்வது?

விட்டுவிடாதீர்கள் அம்மா. நம் வீடுகளில் இந்த வார்த்தை அடிக்கடி காதில் விழுவதால் பழகிப்போய்விட்டது, ஆனால் மாதக்கணக்கில் வலியோடு இருப்பவர், சாப்பாடு குறைந்தவர், பிடித்ததையெல்லாம் விட்டுவிட்டவர் சொன்னால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். நேராகக் கேளுங்கள்: "உயிரை விட்டுடலாம்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சீங்களா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, யாரோ கேட்டார்களே என்று மனம் இறங்கத்தான் செய்யும். ஆமாம் என்றால், அல்லது பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டால், அவரைத் தனியாக விடாதீர்கள், சேர்த்து வைத்திருக்கும் மாத்திரைகளை எடுத்து வேறு இடத்தில் வையுங்கள், 1767-க்கு அழையுங்கள். அது எஸ்ஓஎஸ் என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள். உடனடி ஆபத்து என்றால் 995. அந்த அளவுக்கு இல்லை, மனம் விட்டுப் பேச ஒருவர் வேண்டும் என்றால் 1771 இருக்கிறது, 2025-ல் தொடங்கிய தேசிய மனநல உதவி எண். நீங்களும் அழைக்கலாம், உங்களுக்காகவே.

ஆபத்து இல்லை என்று தெரிந்தாலும் இந்த வாரமே பலதுறை மருந்தகத்திலோ (பாலிகிளினிக்) உங்கள் குடும்ப மருத்துவரிடமோ இரண்டு விஷயத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்: வலி அடங்கவில்லை, மனம் சோர்ந்துவிட்டது. ஒன்றை மட்டும் சொன்னால் ஒன்றுக்குத்தான் மருந்து கிடைக்கும். மனச்சோர்வு வலியைத் தாங்கும் சக்தியைக் குறைக்கும், வலி மனச்சோர்வை ஆழமாக்கும், இரண்டுக்கும் ஒன்றாகச் சிகிச்சை எடுத்தவர்கள் தேறுவதைப் பார்த்திருக்கிறேன். விழுந்ததில் முதுகெலும்பு நொறுங்கியது என்றால் எலும்புத் தேய்மானத்துக்குப் பரிசோதனை செய்து மருந்து தொடங்கினார்களா என்றும் கேளுங்கள், இல்லையென்றால் அடுத்த எலும்பும் முறியலாம்.

இப்போது உங்களைப் பற்றி. அந்தப் புண்ணைப் பற்றிக் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. 1995-ல் அமெரிக்காவின் ஓஹாயோவில் ஓர் ஆய்வு செய்தார்கள். மறதி நோய் உள்ள உறவினரைக் கவனித்துக்கொள்ளும் 13 பெண்களுக்கும், அதே வயதில் அந்தப் பொறுப்பு இல்லாத 13 பெண்களுக்கும் கையில் ஒரே அளவு சின்னப் புண் ஏற்படுத்தி எப்போது ஆறுகிறது என்று பார்த்தார்கள். கவனித்துக்கொள்பவர்களுக்குச் சராசரியாக 9 நாள் அதிகமாகப் பிடித்தது. 26 பேர் மட்டும் கலந்துகொண்ட சின்ன ஆய்வுதான், ஆனால் பின்னால் வந்த ஆய்வுகளும் மன அழுத்தத்தில் புண் ஆறுவது தாமதமாகிறது என்றே காட்டின. கணவரின் வலி உங்கள் உடம்பையும் தொடுகிறது அம்மா. ஆனால் உங்கள் புண் அழுத்தத்தால்தான் ஆறவில்லை என்று நினைத்து இருந்துவிடாதீர்கள், சர்க்கரையாகவும் இருக்கலாம், ரத்த ஓட்டக் குறைவாகவும் இருக்கலாம். கணவரைக் கூட்டிப்போகும் அதே நாளில் உங்களுக்கும் ஒரு அப்பாயின்மென்ட் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பு, ஏஐசி என்று எல்லோரும் சொல்வது, அதன் எண் 1800-650-6060. வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுப்பவர், பகல் நேரப் பராமரிப்பு, மருத்துவமனைக்குக் கூட வரும் ஆள், நீங்கள் சில நாள் ஓய்வெடுக்க மாற்று ஏற்பாடு என்று எது உங்களுக்குக் கிடைக்கும் என்று அவர்கள் சொல்வார்கள். தமிழில் பேச வேண்டும் என்றால் அதையும் தொடக்கத்திலேயே கேளுங்கள். உங்கள் வட்டாரத்தில் பெரியவர்கள் கூடிப் பழகும் துடிப்புடன் மூப்படையும் நிலையம் இருக்கும், அங்கே நீங்கள் மட்டுமாவது முதலில் போங்கள், அவர் வராவிட்டாலும் பரவாயில்லை. பிள்ளைகள் இருந்தால் "நாங்க நல்லா இருக்கோம்" என்று சொல்வதை இன்றோடு நிறுத்திவிட்டு, கணவர் சொன்ன வார்த்தையை அவர்களிடம் அப்படியே சொல்லுங்கள். முகவரியைக் கடிதத்தில் எழுதியிருந்ததால் உங்களுக்கு நேரடியாகவும் ஒரு பதில் அனுப்பியிருக்கிறேன், டாக்டரைப் பார்த்த பிறகு எனக்கு எழுதுங்கள்.